இரண்டரை அடி ஹீமோகுளோபின்

ஸ்பிரிங்காரம்மாவிடம் வேலை கொடுக்கப் போகிறவர்கள் மூன்று கேள்விகளுக்குப் பதிலோடு போக வேண்டும். கம்பி என்ன கனம், எத்தனை சுற்று, வலச்சுற்றா இடச்சுற்றா. முதல் இரண்டையும் எல்லோரும் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதில்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். "ஸ்பிரிங்குல என்னம்மா வலது இடது" என்று சிரிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் அவள் வாதாட மாட்டாள். பழைய ஸ்பிரிங்கைக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவாள். அச்சகத்துக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவே, ஆள் பக்கவாட்டில் திரும்பினால்தான் நுழையக்கூடிய அந்தப் பட்டறையில் கேட்காமல் சுற்றிய ஸ்பிரிங் என்று ஒன்று கிடையாது. ஒரே ஒரு தடவை கேட்காமல் சுற்றினாள். இது அந்தக் கதை.

அவளுடைய அப்பா, இன்றைக்கும் அவள் கம்பி சுற்றுகிற அதே லேத்தின் பக்கத்தில் சரிந்து விழுந்து, வலது கையும் காலும் இழுத்துக்கொண்டபோது அவளுக்குப் பதினைந்து வயது. அக்காவுக்குப் பதினெட்டு. அக்காவுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த கடிதமும் அதே வாரம் வந்தது. யார் படிப்பது, யார் பட்டறையைப் பார்ப்பது என்று வீட்டில் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. ஒரு காலையில் சின்னவள் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பட்டறைச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவுதான் நடந்தது. நாற்பத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

எஃகுக் கம்பி லேசுப்பட்ட பிறவி அல்ல. தண்டில் இறுக்கிச் சுற்றி விட்டதும் திமிறிக்கொண்டு விரியும். எவ்வளவு திமிறும் என்று முன்கூட்டியே தெரிந்து, அதற்கேற்ற சின்னத் தண்டில் சுற்ற வேண்டும். அந்தக் கணக்கு புத்தகத்தில் இருக்கிறதாம். அவளுக்கு அது விரல் நுனியில் இருக்கிறது. கடை ஷட்டர், தறி, தானியம் புடைக்கிற இயந்திரம், ஆஸ்பத்திரிக் கட்டில் என்று எதற்குக் கேட்டாலும் சுற்றிக் கொடுப்பாள். அவள் கணவர் பஸ் ஓட்டுகிறவர். வீட்டில் ஏதாவது வாக்குவாதம் வந்தால், "எஃகையே வளைக்கிற, நான் எம்மாத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார்.

அக்கா படித்து முடித்து, மேலே மேலே படித்து, கடைசியில் அதே கல்லூரியில் உயிரியல் துறைத் தலைவியானாள். கறாரான பேர்வழி. மாணவர்கள் வரைந்த படத்தில் ஒரு அம்புக்குறி மயிரிழை தள்ளி நின்றாலும் தாளைத் திருப்பித் தந்துவிடுவாள். கூட வேலை பார்க்கும் ஆசிரியர்களும் அவள் எதிரே வாய் திறக்குமுன் இரண்டு முறை யோசிப்பார்கள். ஆனால் தங்கையிடம் மட்டும் அவள் வேறு ஆள். தங்கை எது செய்தாலும் நல்லது, எதை வாங்கினாலும் அழகு. ஒரு முறை தங்கை வீட்டுச் சுவருக்குக் கண்ணைப் பறிக்கிற பச்சையை அடித்துவிட்டு, அவளுக்கே பிடிக்காமல் நின்றபோது, அக்கா மட்டும் "குளிர்ச்சியா இருக்கு" என்றாள். எங்கள் அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை என்று ஸ்பிரிங்காரம்மா ஊரெல்லாம் பெருமையடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. அக்கா பட்டறைக்கு வருவாள், ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பாள், கணவர் சௌக்கியமா என்பாள். சுற்றிக் கிடக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்றைக்கூடக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. வேலை தெரிந்தவர் இன்னொருவர் வேலையைப் பார்ப்பதுபோல, அக்கா ஒரு தடவை தன் கைவேலையை நின்று பார்க்க வேண்டும் என்று இவளுக்கு ரொம்ப நாளாக ஆசை. இதையெல்லாம் கேட்டு வாங்க முடியாது. அதனால் சொல்லாமலே இருந்தாள்.

அக்கா ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது துறையின் லேப் அட்டெண்டர் பட்டறைக்கு வந்தார். மேடம் போகிற அன்றைக்குத் துறை வாசலில் வைக்க ஒரு பொருள் வேண்டும், பரிசாகவும் இருக்க வேண்டும், நிலைத்தும் நிற்க வேண்டும் என்றார். மேடம் வருடா வருடம் வகுப்பில் தொண்டை கிழியப் பாடம் நடத்துகிற ஹீமோகுளோபினைக் கம்பியில் செய்து வைக்கலாம் என்பது அவருடைய யோசனை. ரத்தத்தைச் சிவப்பாக்கி மூச்சுக்காற்றைச் சுமந்து போகிற புரதம் அது என்று விளக்கினார். மேடத்துக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். உதவிக்கு இளைய விரிவுரையாளர் ஒருவர் எழுதிக் கொடுத்த காகிதக் கட்டு ஒன்றையும், ஒரு படத்தின் நகலையும் வைத்துவிட்டுப் போனார்.

காகிதக் கட்டைப் பிரித்தபோது அவளுக்குத் தலை சுற்றியது. பிறகு நிதானமாகப் படித்தால், அட, இது நம்ம வேலைதான் என்று தோன்றியது. முதல் காகிதத்தில் வெறும் வரிசை. அமினோ அமிலம் என்ற மணிகள் இருபது வகை. ஒரு சங்கிலியில் எந்த வகைக்கு அடுத்து எந்த வகை என்று நூற்று நாற்பத்தோரு வரி. இன்னொரு சங்கிலிக்கு நூற்று நாற்பத்தாறு. இந்த வரிசைதான் புரதத்தின் முதல் நிலை, மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும் என்று விரிவுரையாளர் அடிக்கோடு போட்டிருந்தார். வரிசையைச் சொன்னால் மீதி தானாக வந்துவிடும் என்றால் என்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று அவள் அட்டெண்டரிடம் கேட்டாள். உடம்புக்குள்ளே தானாக வரும், பட்டறையில் வராது என்றார் அவர்.

எஃகு இதற்குச் சரிப்படாது, மடக்கினால் எகிறும். அதனால் அலுமினியக் கம்பி எடுத்தாள். மணிக்கு ஒன்றாக, இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி வைத்தாள். ஒரு சங்கிலிக்கே கிட்டத்தட்ட இருபத்து நான்கு அடி. புள்ளிகளுக்கு இருபது நிறம் வேண்டும். கடையில் பன்னிரண்டுதான் கிடைத்தது. மீதி எட்டைக் கலந்து செய்தாள். வீட்டுச் சுவரில் மிஞ்சிய அந்தப் பச்சைக்கும் ஒரு வழி பிறந்தது.

இரண்டாம் நிலைதான் அவளுடைய சொந்த வீடு. அந்தச் சங்கிலி நெடுகச் சும்மா ஓடுவதில்லை, இடையிடையே சுருள் சுருளாகச் சுற்றிக்கொள்கிறது. ஒரு சுற்றுக்கு மூன்றரைப் புள்ளிக்குக் கொஞ்சம் கூட. இந்த அளவைப் பார்த்து அவள் தண்டைத் தேர்ந்தெடுத்த வேகத்தை விரிவுரையாளர் பார்த்திருந்தால் தன் சம்பளத்தில் பாதியைக் கொடுத்திருப்பார். மூன்றாம் நிலை மடிப்பு. அந்தச் சுருள்கள் ஏழெட்டும் எந்த இடத்தில் திரும்பி எதன்மேல் சாய வேண்டும் என்பது. அதற்குள்ளே ஒரு பொந்து உண்டாகிறது, அதில் ஒரு வட்டத் தகடு, தகட்டின் நடுவே ஒரே ஒரு இரும்பு அணு. மூச்சுக்காற்று வந்து உட்காருவது அதன்மேல்தான். தகட்டின் நடுவே பழைய பேரிங்கிலிருந்து எடுத்த ஒரு குண்டை வைத்தாள். நான்காம் நிலை, இப்படி மடிந்த நான்கு சேர்ந்து ஒரே உருவாக நிற்பது. புள்ளிகளுக்கு நடுவே தெரிகிற கம்பி சிவப்பில் இரண்டு, நீலத்தில் இரண்டு.

தப்பு நடந்தது இங்கேதான். படத்தில் சுருள்களை வெறும் குழாய்களாக வரைந்திருந்தார்கள். எந்தப் பக்கம் சுற்று என்று அதில் தெரியாது. காகிதத்திலும் எழுதவில்லை. உயிரியல் படித்தவருக்கு அது எழுத வேண்டிய விஷயமே அல்ல. வேறு யாராக இருந்தாலும் அவள் மூன்றாவது கேள்வியைக் கேட்டிருப்பாள். இந்தத் தடவை கேட்கக் கூச்சமாக இருந்தது. துறைத் தலைவியின் தங்கை, இதுகூடத் தெரியாதா என்று யாரோ ஒரு விரிவுரையாளர் நினைத்துவிடுவாரோ என்று ஒரு வீம்பு. படத்தை உற்றுப் பார்த்தாள். ஒரு சிவப்பும் ஒரு நீலமும் இந்தப் பக்கம், இன்னொரு சிவப்பும் நீலமும் எதிர்ப்பக்கம், நேருக்கு நேர். கடை ஷட்டருக்கு மேலே தண்டின் இரண்டு முனையிலும் ஸ்பிரிங் இருக்கும். ஒன்று வலச்சுற்று, எதிர்முனையில் இருப்பது இடச்சுற்று. மாற்றிப் போட்டால் ஷட்டர் ஏறாது. எதிரெதிரே இரண்டு என்றால் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் என்பது நாற்பத்திரண்டு வருடப் பழக்கம். அவள் கை தயங்கவே இல்லை. ஒரு பாதியை வலப்பக்கமாகச் சுற்றி மடித்தாள். மறுபாதியை இடப்பக்கமாகச் சுற்றி, மடிப்புகளையும் அப்படியே திருப்பிப் போட்டாள். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது அவளுக்கே கண் கலங்கியது. அத்தனை அழகு.

விழா அன்று துறை வாசல் கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள், இரண்டரை அடி உயரத்துக்கு அது நின்றது. முதல்வர் போர்த்தியிருந்த துணியை எடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா பெட்டிக்கு அருகே போனாள், குனிந்தாள், இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். ஸ்பிரிங்காரம்மா ஓரமாக நின்று அக்காவின் கண் போகிற இடத்தையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா நிமிர்ந்து அவள் தோளில் கை வைத்து, ரொம்ப அருமையாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு முதல்வர் பேசிய முக்கால் மணி நேரத்தில் ஒரு சொல்லும் ஸ்பிரிங்காரம்மாவின் காதில் விழவில்லை.

பன்னிரண்டு நாள் அவள் கால் தரையில் படவில்லை. பட்டறைக்கு வருகிற தறிக்காரர், ஷட்டர்காரர், வழி கேட்க வந்தவர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் புரதத்தின் நான்கு நிலைகளையும் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். கணவர் பஸ்ஸில் பயணிகளிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

பதின்மூன்றாம் நாள் அட்டெண்டர் லேப் கதவுக்கு ஸ்பிரிங் கேட்டு வந்தார். மாணவர்கள் தினமும் அந்தப் பெட்டியைச் சுற்றித்தான் நிற்கிறார்கள் என்று ஆரம்பித்தார். பேச்சுவாக்கில், ஒரு மாணவி வந்து பாதி இடம்வலம் மாறி இருக்கிறதே சார் என்று கேட்டாள் என்றும், மேடம் அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டதை அவளுக்குச் சொன்னேன் என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். ஸ்பிரிங்காரம்மா லேத்தை நிறுத்தினாள். மிச்சத்தையும் சொல்லச் சொன்னாள்.

"மேடம் பாத்த உடனே கண்டுபிடிச்சுட்டாங்கம்மா. ரெண்டு சங்கிலி இடச்சுத்து, அப்படி ஒண்ணு உயிருள்ள எந்த உடம்புலயும் கிடையாதுன்னாங்க. ஆனா உங்ககிட்ட யாரும் சொல்லக் கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. பாவம், அவளுக்கு என்ன தெரியும், ஆசையா செஞ்சிருக்கா, இருக்கட்டும்னாங்க."

அட்டெண்டர் கதவு ஸ்பிரிங்கை வாங்காமலே போய்விட்டார். ஸ்பிரிங்காரம்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள். தப்பு செய்தது வலித்தது, ஆனால் அதைத் தாங்கலாம். கேட்காமல் சுற்றினேன், நன்றாக வேண்டும் எனக்கு என்று நினைத்தாள். தாங்க முடியாதது அந்தப் 'பாவம்'. அம்புக்குறி தள்ளி நின்றால் தாளைத் திருப்பித் தருகிற மனுஷி, பாதிப் புரதம் திரும்பி நிற்கிறது, இருக்கட்டும் என்றிருக்கிறாள். அப்போது அவளுக்கு இன்னொன்றும் விளங்கியது. பச்சைச் சுவர் நினைவுக்கு வந்தது. பின்னாலேயே ஒவ்வொன்றாக வந்தது. நாற்பத்திரண்டு வருடமாக அக்கா தன்னிடம் எதையுமே தப்பு என்று சொன்னதில்லை. அதைத்தான் இவள் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறாள்.

மத்தியானமே பட்டறையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா வாசல் அறையில் பழைய புத்தகங்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. அட்டெண்டரைத் திட்ட வாயெடுத்தாள்.

"அவரை விடுக்கா. உன் ஸ்டூடண்ட் ஒருத்தி இப்படிச் செஞ்சு கொண்டாந்திருந்தா நீ என்ன பண்ணியிருப்ப?"

அக்கா தட்டி முடித்த புத்தகத்தையே மறுபடி தட்டினாள்.

"தூக்கிப் போட்டுட்டுத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பல்ல? பின்ன எனக்கு மட்டும் என்ன 'இருக்கட்டும்'?"

அக்கா கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்தாள். அவள் வகுப்பில் தடுமாறி யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு ஒரு வாக்கியத்தை மூன்று முறை ஆரம்பித்தாள். "நீ பையை ஆணியில மாட்டிட்டுப் போன பாரு, அதை நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீ இரு, நான் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுக்கப்புறம் உன்னைப் பாத்து, நீ பண்றது தப்புன்னு எந்த வாயால சொல்றது?"

ஸ்பிரிங்காரம்மாவுக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. அன்றைக்கு யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை என்றாள். எனக்கு அந்த லேத் பிடித்திருந்தது என்றாள். இதைக் கேட்டு அக்கா நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவளுக்கு இது புதுச் செய்தி.

"நான் ஒண்ணும் பாவம் இல்லக்கா. நான் ஸ்பிரிங் சுத்துறவ. தப்பான ஸ்பிரிங்கை அழகா இருக்குன்னு சொல்லி எவனும் என்கிட்ட வாங்கிட்டுப் போக மாட்டான். நீ வாங்கிட்ட."

கல்லூரிக்குப் போகலாம் என்று அவளே அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினாள். பையில் கம்பி வெட்டுகிற குறடும் அளவு நாடாவும் இருந்தன. கூடத்தில் மாணவர்கள் யாரும் இல்லை. அட்டெண்டர் சாவியோடு வந்து, பெட்டியைத் திறந்துவிட்டு, இந்த நேரத்தில் தனக்கு வேறெங்கோ அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவினார்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதலில் தயங்கித் தயங்கித்தான் ஆரம்பித்தாள். எதிரெதிரே இருப்பதால் பிம்பம் என்று நினைத்துவிட்டாய், ஆனால் அது பிம்பம் இல்லை, அதே பொருளை அரைவட்டம் திருப்பி வைத்தது என்றாள். ஷட்டர் கணக்கைத் தங்கை சொன்னாள். அக்கா அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். நியாயமான காரணம்தான், ஆனால் இங்கே செல்லாது என்றாள். ஒவ்வொரு மணியுமே வலது கை, இடது கை போல ஒரு பக்கத்துக்காரன், அதனால் அவற்றைக் கோத்துச் சுற்றினால் வலச்சுற்றுத்தான் வரும் என்றாள். எல்லா மணியும் ஏன் ஒரே பக்கத்துக்காரனாக இருக்கிறது என்று தங்கை கேட்டாள். அது இன்னும் யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்று அக்கா ஒப்புக்கொண்டாள்.

இடச்சுற்றுச் சங்கிலிகள் இரண்டையும் ஸ்பிரிங்காரம்மா குறடால் வெட்டி எடுத்தாள். இரண்டு மாத வேலையில் பாதி தரையில் கிடந்தது. அக்காவின் முகம் சுருங்கியது, ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிறகு நின்றுகொண்டிருந்த நல்ல பாதியின் பக்கம் திரும்பினாள். விரலை வைத்து ஒரு சுருளை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தங்கையைப் பார்த்தாள்.

"இது என்ன? இங்க அஞ்சரை சுத்து இருக்கணும், நாலுதான் இருக்கு. எண்ணித்தான் சுத்தினியா, இல்ல கண்ணால பாத்தியா?"

"எண்ணாம என்ன? அஞ்சரை வெச்சா பெட்டிக்குள்ள போகல. கதவு இடிச்சுது. ஒண்ணரை சுத்தைப் பிரிச்சு உள்ள மடக்கி விட்டேன்."

"பெட்டிக்காக ரத்தத்தை மாத்துவியாடி நீ? நாப்பத்திரண்டு வருஷமா கம்பி சுத்துறேன்னு பேரு. பெட்டி சின்னதுன்னா பெட்டியைத்தானே மாத்தணும்? யாராவது புள்ளைங்க இதைப் பாத்து எண்ணிப் படிச்சா என்ன ஆகுறது? இந்த வேலையை நீ வெளியில கொடுத்தா வாங்குவாங்களா?"

குரல் கூடமெங்கும் கேட்டது. வகுப்பு வாசல்களில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு அவசரமாக உள்ளே போயின. அக்கா நிறுத்தவில்லை. அடுத்த சுருளை எண்ணி, அதிலும் ஒரு குறை கண்டுபிடித்து, அதற்கும் சேர்த்துத் திட்டினாள். ஸ்பிரிங்காரம்மா வெட்டிய கம்பிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"சரிக்கா, கத்தாத," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு அளவு நாடாவை விரித்தாள். "எந்த இடம்னு காட்டு."